நான்கு நிமிட வேலை

பேட்டரி டிரில்லில் சக் இறுகிப் போவது ஒன்றும் அதிசயம் இல்லை. முனையில் டிரில் பிட்டைக் கவ்விப் பிடிக்கிற உருளை இருக்கிறதே, உள்ளே மூன்று தாடைகளோடு, அதைத்தான் சக் என்பார்கள். மரத்தூளும் பசையும் ஈரமும் சேர்ந்தால் அந்தத் தாடைகள் திறந்த வாய் திறந்தபடியே நின்றுவிடும். பிட்டை வைத்தால் கவ்வாது. பழைய சக்கைக் கழற்றிவிட்டு வேறொன்றைப் போட வேண்டியதுதான். புதிதாக வேலைக்கு வந்தவருக்கு அரை மணி நேரம் ஆகும். எனக்கு நான்கு நிமிடம்.

தண்ணீர் வேண்டாம் ஐயா, நன்றி. முதலிலிருந்து சொல் என்றீர்கள். இதுதான் முதல்.

என்னை யாரும் கூட்டி வரவில்லை, நானாகத்தான் வந்தேன். ஆறு மாதம் முன்பு நீங்களே விபத்து என்று எழுதி முடித்த கோப்பு இது. அன்றைக்கு என் கையில் போட்டிருந்த கட்டைப் பார்த்துவிட்டு, 'உங்களால முடிஞ்சதை எல்லாம் செஞ்சிருக்கீங்க' என்று தோளைத் தொட்டீர்கள். நான் தோளை விலக்கிக்கொண்டேன். மரியாதைக் குறைவு என்று நினைத்திருந்தால் மன்னிக்க வேண்டும்.

என் அண்ணனைக் கெட்டவர் என்று சொல்ல இந்த வட்டாரத்தில் ஒரு ஆள் கிடையாது. நானும் சொல்ல மாட்டேன். அவருக்கும் எனக்கும் பதினொரு வயது வித்தியாசம். அப்பாவும் அம்மாவும் ஒரே வருடத்தில் அடுத்தடுத்துப் போனபோது எனக்கு ஆறு, அவருக்குப் பதினேழு. சித்தப்பா வீட்டில் என்னை இறக்கி வைத்துவிட்டுத் தன் வழியைப் பார்த்திருக்கலாம். பார்க்கவில்லை. படிப்பை விட்டுவிட்டு மரம் அறுக்கிற மில்லில் சேர்ந்தார். பிற்பாடு பெண் பார்க்கப் போன இடத்தில், 'எனக்கு ஏற்கெனவே ஒரு பிள்ளை இருக்கான், சம்மதமா?' என்று கேட்டுத்தான் அண்ணியைக் கட்டிக்கொண்டார். அவர்களுக்குக் குழந்தை பிறக்கவில்லை. அதற்காக இரண்டு பேரும் வருத்தப்பட்டு நான் பார்த்ததும் இல்லை. 'அதான் குட்டி இருக்கானே' என்பார்கள்.

குட்டி என்பது நான். எனக்கு நாற்பத்து மூன்று வயது.

வாடிக்கையாளர் யாராவது வந்தால், என் சட்டைக் காலரைச் சரி செய்யாமல் அவர் என்னை முன்னால் நிறுத்த மாட்டார். ஆப்பிள் தின்றால் தோல் சீவி, கொட்டை எடுத்து, துண்டு போட்டுத்தான் என் கைக்கு வரும். பல் டாக்டரிடம் போனால் உடன் வருவார். எந்தப் பல் வலிக்கிறது என்று டாக்டர் என்னைக் கேட்பார், அண்ணன் சொல்வார். ஒருமுறை தப்பான பல்லைச் சொல்லிவிட்டார். டாக்டர் அதைப் பிடுங்கியும் விட்டார். வாய் மரத்திருந்ததால் நான் ஒன்றும் சொல்ல முடியவில்லை. மரக்காமல் இருந்திருந்தாலும் சொல்லியிருப்பேனா என்பது வேறு விஷயம்.

வீடு ஒன்றுதான். கீழே அவர்கள், மாடியில் நானும் மனைவியும். மனைவியைத் தேர்ந்தெடுத்ததும் அண்ணன்தான். நல்ல தேர்வு, குறை சொல்ல மாட்டேன். 'பெரியவர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்குங்களேன்' என்று நாளைக்கு நான்கு தடவை சொல்வாள், அவ்வளவுதான். மாடிக் கதவுக்கு உள்தாழ்ப்பாள் கிடையாது. கல்யாணமான புதிதில் நான் ஒன்று வாங்கி வந்து பொருத்தினேன். மறுநாள் வேலை முடிந்து திரும்பியபோது தாழ்ப்பாள் இல்லை. அண்ணன் அதைக் கழற்றி, ஸ்க்ரூ துளைகளைப் பசையும் மரத்தூளும் வைத்து அடைத்து, மேலே பாலிஷ் போட்டிருந்தார். 'கதவோட அழகே கெட்டுப் போச்சுடா குட்டி, சரி பண்ணிட்டேன்' என்றார். துளை இருந்த இடத்தை விரலால் தடவிப் பார்த்தேன். தெரியவே இல்லை. அவ்வளவு சுத்தமான வேலைக்காரர்.

அடிக்கிற கைதான் அணைக்கும் என்பார்கள். என் அண்ணன் கை அடித்ததே இல்லை. அணைத்தது, பிறகு எடுக்கவில்லை. அடிக்கிற கையைத் தடுக்கலாம், தட்டிவிட்டு ஓடலாம், நாலு பேரிடம் காட்டி நியாயம் கேட்கலாம். இதை யாரிடம் போய்ச் சொல்வது? சொன்னால் கொடுத்து வைத்தவன் என்பார்கள். சொல்லியும் இருக்கிறார்கள்.

எங்கள் பணிமனையை நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். மேசை, அலமாரி, கதவு செய்கிற இடம். முன்பக்கம் அண்ணன் மேசை, நடுவில் அறுக்கிற மெஷின்கள், இடது மூலையில் பாலிஷ்காரர், பின்னால் உலர் அறை. வலது மூலையில் ஒரு பலகையும் விளக்கும் இருக்கும். அது என் இடம். கெட்டுப் போன மோட்டார், டிரில், இழைக்கிற மெஷின் எல்லாம் அங்கே வரும். வேறு பட்டறைகளிலிருந்தும் கொண்டு வருவார்கள். அந்தப் பலகைக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறவரை எனக்கு நாற்பத்து மூன்று வயது இருக்கும். எழுந்தால் குறைந்துவிடும்.

வெளியூரில் கருவி விற்கிற கம்பெனி ஒன்று பெரிய ரிப்பேர் மையம் தொடங்க இருந்தது. அதன் மேலாளர் ஒரு நாள் கருகிப் போன மோட்டாரோடு வந்தார். நான் அதைப் பிரித்துப் புதிதாகச் செம்புக் கம்பி சுற்றிக் கட்டி ஓட விடுகிறவரை நின்று பார்த்தார். அண்ணன் அப்போது இல்லை. 'எங்க மையத்துக்குத் தலைமை மெக்கானிக்கா வர்றீங்களா?' என்று கேட்டார். பன்மையில் கேட்டார் ஐயா. நான் விண்ணப்பம் அனுப்பினேன். வீட்டில் சொல்லவில்லை. அழைப்பு வந்த பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்தேன். என் செல்போன் நம்பரைத்தான் கொடுத்திருந்தேன். ஆனால் போன் சார்ஜில் கிடக்கும்போது அழைப்பு வந்தால் அண்ணன் எடுத்துப் பேசுவார். என்னுடையது என்று தனியாக ஒன்று இருப்பதாக அவருக்குத் தோன்றியதே இல்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணி இருக்கும். பட்டறைத் தெருவே விடுமுறையில் மூடிக் கிடந்தது. எங்கள் ஆட்கள் ஓர் அலுவலகத்தில் அலமாரி பொருத்த வெளிவேலைக்குப் போயிருந்தார்கள். பணிமனையில் மூன்று பேர்தான்: அண்ணன், பாலிஷ்காரர், நான். அண்ணன் பேட்டரி டிரில்லை எடுத்து வந்து என் பலகையில் வைத்தார். ஆட்கள் அதை விட்டுவிட்டுப் போயிருந்தார்கள், சக் இறுகியிருந்தது.

"இந்தச் சக்கை மட்டும் மாத்திடு குட்டி. பழைய டிரில்லுல இருந்து எடுத்த சக் ஒண்ணு என் மேசையில வலது டிராயர்ல கிடக்கு."

அதை அங்கே வைத்ததே நான்தான். சரி என்றேன். இரண்டடி போனவர் திரும்பி வந்தார்.

"சொல்ல மறந்துட்டேன் பாரு. ஒரு மூணு வாரம் இருக்கும், உனக்கு ஒரு போன் வந்துச்சு. ஏதோ வெளியூர் கம்பெனி, வேலைக்கு வரச் சொன்னாங்க. அவன் பச்சப்புள்ளைங்க, தனியா இருக்க மாட்டான்னு சொல்லி வெச்சிட்டேன்."

சிரித்தார். நானும் சிரித்தேன். என் காலரைச் சரி செய்துவிட்டு, ஈரம் பார்க்கிற மீட்டரை எடுத்துக்கொண்டு உலர் அறைப் பக்கம் போனார்.

கோபம் வந்ததா என்று கேட்பீர்கள். வரவில்லை. மூன்று வாரமாக ஒவ்வொரு மணிச் சத்தத்துக்கும் ஓடி ஓடிப் போனை எடுத்துக்கொண்டிருந்தேன், இனிமேல் ஓட வேண்டாம் என்று நினைத்தேன். அவ்வளவுதான். அவர் வேண்டுமென்றே மறைத்திருந்தால் ஒருவேளை கோபம் வந்திருக்கும். அவர் மறந்துவிட்டார்.

உலர் அறை என்பது பச்சை மரத்தை அடுக்கிச் சூடு காட்டி ஈரத்தை இழுக்கிற அறை. நான்கு பக்கமும் இரும்புத் தகடு, உள்ளே சூடு வெளியேறாமல் பஞ்சு அடைத்த சுவர், ஜன்னல் கிடையாது. கதவும் அப்படித்தான், நான்கு அங்குல கனம். தானாகச் சாத்திக்கொள்கிற வாட்டம் என்பதால் உள்ளே போகும்போது அடியில் ஒரு கட்டையை முட்டுக் கொடுப்போம். உள்ளிருந்து தள்ளித் திறக்கிற கம்பி உடைந்து இரண்டு வாரம் ஆகியிருந்தது. சரி பண்ணிவிடவா என்று நான் கேட்டேன். 'மரமா எழுந்து வந்து கதவைத் திறக்கப் போகுது? நீ முதல்ல இழைக்கிற மெஷினைப் பாரு' என்றார். இதை அன்றைக்கே சொல்லியிருக்கிறேன், உங்கள் கோப்பில் இருக்கும். அன்று முட்டுக்கட்டை நழுவியது. கதவு சாத்திக்கொண்டது. தட்டுகிற சத்தம் கேட்டுப் பாலிஷ்காரர் என்னைக் கூப்பிட்டார். நான் ஓடிப் போய் வெளிக் கைப்பிடியை இழுத்தேன். அது கையோடு வந்துவிட்டது. உள்ளே அச்சு முறிந்திருந்தது.

கதவு விஷயத்தில் நான் சுத்தம். அதைத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். முதல் வேலையாகச் சூட்டை அணைத்ததும் நான்தான். சுவரில் இருந்த மானி அறுபத்தெட்டு டிகிரி காட்டியது. சுவிட்சை அணைத்தாலும் அந்த அறையில் சூடு லேசில் இறங்காது. அதற்காகத்தானே அப்படிக் கட்டியிருக்கிறார்கள்.

தீயணைப்பு நிலையத்துக்குப் பாலிஷ்காரர் போன் போட்டார். வண்டி வேறொரு இடத்தில் இருக்கிறது, வந்து சேர முக்கால் மணியாவது ஆகும் என்றார்கள். அண்ணன் உள்ளேயிருந்து, ஒன்றும் அவசரம் இல்லை, கதவோரமாகத்தான் உட்கார்ந்திருக்கிறேன் என்று சத்தம் கொடுத்தார். கதவில் காதை வைத்தால் தெளிவாகக் கேட்டது. 'வேலை செய்யாம வேர்க்குது பாரு, இதுவும் ஒரு யோகம்' என்றார். பாலிஷ்காரர் கூடச் சிரித்துவிட்டார்.

செய்ய வேண்டியது என்ன என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. கைப்பிடி இருந்த தகட்டை நான்கு ரிவெட் பிடித்திருந்தது. நான்கையும் துளைத்து எடுத்தால் தகடு கையோடு வரும், உள்ளே விரலை விட்டுத் தாழை இழுத்துவிடலாம். எட்டு நிமிட வேலை. கரண்ட் வயர் வைத்த டிரில்களும் இரும்பு வெட்டுகிற மெஷினும் ஆட்களோடு போயிருந்தன. இருந்தது அந்தப் பேட்டரி டிரில் ஒன்றுதான். சக் மாற்ற நான்கு, துளைக்க எட்டு. பன்னிரண்டாவது நிமிடம் அண்ணன் வெளியே வந்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, 'என்னை நல்லா வேக வெச்சிட்டீங்கடா' என்று சொல்லியிருப்பார்.

நான் டிரில்லையும், டிராயரில் கிடந்த சக்கையும், ஸ்க்ரூ டிரைவரையும், பைப் ரெஞ்சையும் எடுத்து வந்து கதவில் முதுகைச் சாய்த்துத் தரையில் உட்கார்ந்தேன். பாலிஷ்காரர் கடப்பாரை தேடிக் கிடங்குக்குப் போனார்.

இந்த இடத்தைக் கொஞ்சம் நிதானமாக எழுதிக்கொள்ளுங்கள். சக்கின் தாடைகளுக்கு நடுவே எட்டிப் பார்த்தால் குழியின் அடியில் ஒரு ஸ்க்ரூ தெரியும். ஓடுகிற ஓட்டத்தில் சக் தானாகக் கழன்றுவிடாமல் பூட்டுப் போல வைத்தது. அதை எடுத்துவிட்டு, சக்கை ரெஞ்சால் கவ்வி ஒரு தட்டுத் தட்டினால் கழன்று வரும். ஆனால் நாம் அன்றாடம் பார்க்கிற ஸ்க்ரூ எல்லாம் இடது பக்கம் திருப்பினால் கழலும், வலது பக்கம் திருப்பினால் இறுகும். இது தலைகீழ். எதிர் மரை. வலது பக்கம் திருப்பினால்தான் கழலும். விஷயம் தெரியாதவர்கள் இதில்தான் மாட்டிக்கொள்வார்கள். கழற்றுகிறோம் என்று நினைத்து இடது பக்கமே திருப்பித் திருப்பி, தலை தேய்கிறவரை இறுக்கிக்கொண்டே போவார்கள்.

இதைப் பத்தொன்பது வருடம் முன்பு யாரும் சொல்லித் தராமல் நானே கண்டுபிடித்தேன். அண்ணனிடம் காட்டினேன், முதுகில் தட்டிக் கொடுத்தார். அடுத்த வாரம் ஆட்களை நிற்க வைத்துச் சொல்லிக் கொடுத்தார். அடுத்த மாதம் எனக்கே சொல்லிக் கொடுத்தார். ஏமாற்று இல்லை ஐயா. அது என்னிடமிருந்து வந்தது என்பதை உண்மையாகவே மறந்துவிட்டார். குழந்தையிடமிருந்து கற்றுக்கொண்டதை யார் ஞாபகம் வைத்துக்கொள்வார்கள்? அதற்குப் பிறகு ஒவ்வொரு முறை நான் ஒரு சக்கைக் கழற்றும்போதும் பின்னால் வந்து நின்று அதைச் சொல்வார். பத்தொன்பது வருடம்.

ஸ்க்ரூ டிரைவரைக் குழிக்குள் விட்டேன். முனை பொருந்தி உட்கார்ந்தது. என் மணிக்கட்டு வலது பக்கம் திரும்பத் தொடங்கிவிட்டது. இதை நீங்கள் நம்ப வேண்டும். திருப்பத் தொடங்கிவிட்டேன். அப்போது முதுகுக்குப் பின்னால் கதவுக்குள்ளிருந்து குரல் வந்தது. அதற்குள் கொஞ்சம் மூச்சு வாங்கியது அவருக்கு.

"குட்டி, பதறாத. நடுவுல இருக்கிற ஸ்க்ரூ எதிர் மரைடா. வலது பக்கம் திருப்பு. மறந்துடாத, என்ன?"

சரிண்ணா என்றேன்.

மணிக்கட்டை நிறுத்தினேன். இடது பக்கம் திருப்பினேன்.

அவர் சொன்னதற்கு மாறாக நான் ஒன்றைச் செய்தது என் நினைவில் அதுதான் முதல் தடவை. வானம் இடிந்து விழவில்லை. ஸ்க்ரூ கொஞ்சம் இறுகியது. உடம்பெல்லாம் லேசாகி, நன்றாகத் தூங்கி எழுந்த மாதிரி இருந்தது. ஒரு தடவை மட்டும்தான் என்று வைத்துக்கொண்டேன். அடுத்த திருப்பு வலது பக்கம் என்று முடிவு செய்துகொண்டேன். அடுத்ததும் இடது பக்கம்தான் போனது.

பாலிஷ்காரர் கடப்பாரையோடு வந்து கதவு இடுக்கில் நெம்பினார். தகடு ஓரம் மடங்கியதே தவிரக் கதவு அசையவில்லை. "தம்பி, வரலையா?" என்று என்னைக் கேட்டார். இறுகியிருக்கு, டிரில்லை அசையாமப் பிடிங்க என்றேன். மண்டி போட்டு இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். நான் ஸ்க்ரூ டிரைவரின் தண்டில் ஸ்பேனர் மாட்டி, என் பலம் முழுக்கக் கொடுத்துத் திருப்பினேன். பலத்தில் ஒளிவு மறைவு இல்லை. வேர்வை கண்ணில் இறங்கியது, உள்ளங்கைத் தோல் உரிந்தது. நீங்கள் பார்த்த கட்டு அதற்குப் போட்டதுதான். அந்த மனிதருக்கு அறுபது வயது. தான் சரியாகப் பிடிக்காததால்தான் ஸ்க்ரூ வரவில்லை என்று இன்றைக்கும் நினைத்துக்கொண்டிருக்கிறார். பாலிஷ் வேலையை விட்டுவிட்டார். அவர் பிடித்த பிடி நல்ல பிடி என்று நீங்கள் யாராவது அவரிடம் சொல்லிவிட வேண்டும்.

ஒரு கட்டத்தில் அவர் பொறுக்க முடியாமல், எங்கேயாவது திறந்திருக்கிற பட்டறையில் மெஷின் வாங்கி வருகிறேன் என்று மெயின் ரோட்டுக்கு ஓடினார். நானும் அண்ணனும்தான் இருந்தோம். கதவு திறக்கப்பட்ட பிறகுதான் தெரிந்தது, அவரும் என்னைப் போலவே கதவில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்திருந்தார். நான்கு அங்குலத்துக்கு அந்தப் பக்கம் அவர், இந்தப் பக்கம் நான்.

பேசிக்கொண்டுதான் இருந்தார். ஆச்சாடா என்று இரண்டு தடவை கேட்டார். இன்னும் கொஞ்சம்ணா என்றேன். மேல் சட்டையைக் கழற்றிவிட்டதாகச் சொன்னார். அண்ணிக்குப் போன் செய்து பயமுறுத்த வேண்டாம் என்றார். பிறகு கொஞ்ச நேரம் மூச்சு மட்டும் கேட்டது. அந்த ஸ்க்ரூவின் தலை அப்போதும் முழுசாகத்தான் இருந்தது ஐயா. உள்ளதைச் சொல்கிறேன், இருபதாவது நிமிடம் வரைக்கும் வலது பக்கம் திருப்பியிருந்தால் வந்திருக்கும். அதை நான் ஒவ்வொரு திருப்பிலும் சரி பார்த்துக்கொண்டே இருந்தேன். வழி இருக்கிறது என்று தெரிந்திருப்பது ஒரு நிம்மதி. என் வாழ்நாளில் ஒரு கதவு என் கையில் இருந்தது அந்த இருபது நிமிடம்தான்.

கடைசியாக அவர் சொன்னது எனக்கு நன்றாகக் கேட்டது.

"குட்டி... வரலைன்னா விட்டுடுடா. கையைக் கிழிச்சுக்காத. உன் மேல தப்பு இல்ல."

அந்த நேரத்தில்கூட, என் மேல் தப்பா இல்லையா என்பதை அவர்தான் முடிவு செய்தார்.

அதற்குப் பிறகுதான் ஸ்க்ரூவின் தலை தேய்ந்தது. தீயணைப்பு வண்டி வந்தபோது ஐம்பத்திரண்டு நிமிடம் ஆகியிருந்தது. அவர்கள் வெட்டித் திறக்கப் பத்து நிமிடம் எடுத்துக்கொண்டார்கள். பிறகு நடந்தது கோப்பில் இருக்கிறது.

அண்ணி அழுது முடிக்க ஒரு மாதம் ஆனது. அழுகைக்கு நடுவிலும் என் கைக்கு மருந்து போட்டுவிட மறக்கவில்லை. அண்ணன் நாற்காலியில் என்னை உட்கார வைத்தார்கள். விடுதலை என்றால் எப்படி இருக்கும் என்று எனக்கு ஒரு கணக்கு இருந்தது. அது தப்பிப் போனது. அண்ணன் உயிரோடு இருந்தபோது அவர் என்ன சொல்வார் என்பதைத் தெரிந்துகொள்ள அவர் வாயைத் திறக்கிறவரை பொறுக்க வேண்டும். இப்போது அதற்கும் தேவை இல்லை. 'உங்க அண்ணன் இருந்தா இப்படித்தான் செஞ்சிருப்பார்' என்று அண்ணி சொல்கிறார், ஆட்கள் சொல்கிறார்கள், மனைவி சொல்கிறாள். நான் வாங்குகிற மரம், உடுத்துகிற சட்டை, கூப்பிடுகிற டாக்டர் எல்லாவற்றையும் அவர்தான் தீர்மானிக்கிறார். செத்துப் போனவரிடம் மாற்றுக் கருத்துச் சொல்ல முடியாது. வலது மூலையில் இருந்த என் பலகையை எடுத்துவிட்டார்கள். முதலாளி தரையில் உட்கார்ந்து மோட்டார் பிரிக்கக் கூடாதாம்.

இதற்காகவும் நான் இங்கே வரவில்லை. பழகிக்கொண்டிருப்பேன்.

போன வாரம் அண்ணி அந்த டிரில்லைத் தேடி எடுத்திருக்கிறார். உங்கள் அலுவலகம் திருப்பிக் கொடுத்த பிறகு அது அண்ணனுடைய அலமாரியில் கிடந்தது. அதைச் சரி செய்து என்னிடம் கொடுத்தால், அண்ணன் கை பட்ட பொருள் என்று நான் வைத்துக்கொள்வேன் என்று நினைத்தாராம். என்னிடம் சொல்லாமல் கடைத்தெருவில் இருக்கிற சர்வீஸ்காரரிடம் கொடுத்திருக்கிறார். அவர் தேய்ந்த ஸ்க்ரூவைத் துளைத்து எடுத்துவிட்டு, எதிர் மரை தெரியாமல் யாரோ இடது பக்கமாகவே போட்டு இறுக்கியிருக்கிறார்கள், பாவம் என்று சொல்லியிருக்கிறார்.

அண்ணி அன்று மாலை மாடிக்கு வந்தார். கதவைத் தட்டவில்லை, தட்டுகிற வழக்கம் இல்லை. டிரில்லை மேசை மேல் வைத்துவிட்டு என் பக்கத்தில் உட்கார்ந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். எல்லாம் தனக்குத் தெரிந்துவிட்டது என்று சொல்லப் போகிறார் என்று காத்திருந்தேன். உண்மையைச் சொன்னால், கொஞ்சம் ஆவலாகக்கூட இருந்தேன்.

"குட்டி, உனக்குத் தெரியலைடா. பக்கம் மாத்திப் போட்டுட்ட. உன் அண்ணன் பக்கத்துல நின்னு சொல்லியிருந்தா சரியா பண்ணியிருப்ப. அவர் இல்லாம உனக்கு என்ன தெரியும்? மனசுல வெச்சுக்காத. நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்."

என் தலையைத் தடவிவிட்டு, ஆப்பிள் சீவிக் கொடுத்துவிட்டுக் கீழே போனார்.

நான் ஐந்து இரவு தூங்கவில்லை. அண்ணன் செத்த அன்றுகூடத் தூங்கினேன். சர்வீஸ்காரர் நாலு பேரிடம் சொல்லுவார். பட்டறைத் தெருவில் விஷயம் பரவும். எதிர் மரை தெரியாமல் இடது பக்கம் திருப்பியவன் என்று என்னைப் பற்றிப் பேசுவார்கள், பரிதாபப்படுவார்கள். பத்தொன்பது வருடம் முன்பு யாரும் சொல்லாமல் அதைக் கண்டுபிடித்தவன் நான். இதை யாரும் கேட்கப் போவதில்லை.

அதனால்தான் வந்தேன். இப்போது சொன்னதை எல்லாம் நீங்கள் எழுதியிருக்கிறீர்கள், படித்தும் காட்டினீர்கள். நல்ல மனிதர் நீங்கள், எனக்காக யோசிக்கிறீர்கள் என்று புரிகிறது. ஆனால் கடைசிப் பக்கத்தில் 'உயிர் போகும் பதற்றத்தில், திசை தெரியாமல்' என்று ஒரு வரி இருக்கிறது. அது நான் சொன்னது இல்லை.

அந்த வரியை அடித்துவிடுங்கள் ஐயா. எனக்குப் பதற்றம் இல்லை. தண்டனையைப் பற்றிப் பிறகு பேசிக்கொள்ளலாம். முதலில் அங்கே 'தெரிந்தே' என்று எழுதுங்கள். அந்த வேலையில் என்னைவிடத் தெரிந்த ஆள் இந்த ஊரில் கிடையாது.